வீடு, உள்ளபடி

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கவில்லை, சக்கரத்திலும் தொடங்கவில்லை. ஒரு பொருளை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் முன் அது என்ன நிலையில் இருந்தது என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டார்களே, அன்றைக்குத்தான் மனிதன் விலங்கிலிருந்து பிரிந்து தனியே நடக்க ஆரம்பித்தான். இந்தக் கருத்தை தெட்சிணாமூர்த்தி வெளியிட்டபோது அவருடைய வலது கை முழங்கை வரைக்கும் கழிவறையின் ஃபிளஷ் டேங்க்குக்குள் இருந்தது.

"மிதவைப் பந்து, ஒண்ணு. நிலை, நன்று. எழுதிக்க."

எழுதிக்கொள்ள ராஜம் அங்கே இல்லை. நாகரிகம் சக்கரத்தைத் தாண்டுவதற்குள்ளேயே அவள் மாடிக்குப் போய் அரிசி களைய ஆரம்பித்திருந்தாள்.

தலத்தெருவில் அந்த வீட்டின் கீழ்ப்பகுதி ஐந்து மாதமாகக் காலியாகக் கிடந்தது. மேலே தெட்சிணாமூர்த்தியும் மனைவி ராஜமும் இருந்தார்கள். ஒரே மகள் சுகிர்தா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். கீழே கடைசியாகக் குடியிருந்தவர் ஒரு வங்கி ஊழியர். மாற்றலாகிப் போகும் அன்று, கூடத்துத் தரையில் ஒரு சாண் நீளத்துக்கு ஓடிய கீறலை தெட்சிணாமூர்த்தி சுட்டிக்காட்டினார். அந்த மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாங்க வர்றப்பவே இருந்துச்சே சார். இல்லன்னா காட்டுங்க," என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார். காட்ட ஒன்றும் இல்லை. முப்பத்து நான்கு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவர் அவர். ஊரையே ஆதாரம் கேட்டுத் திருப்பி அனுப்பிய மனிதர், ஆதாரம் இல்லாமல் நின்றது அதுவே முதல் தடவை. இரண்டு நாள் மோர் சாதத்தோடு எழுந்துவிட்டார்.

மூன்றாம் நாள் ராஜத்தின் தம்பி கலைவாணன் பாரீசுப் பக்கத்திலிருந்து தொலைபேசியில் பேசினான். "இங்கல்லாம் 'எத்தா தெ லியே' எழுதாம சாவியையே குடுக்க மாட்டாங்க அத்தான்," என்றான். வீட்டின் நிலையை அறை அறையாகப் பார்த்து எழுதிவைக்கும் தாள், அவ்வளவுதான். ஆனால் பிரெஞ்சுக்காரன் போய் எழுபது வருஷம் கழிந்தும் காரைக்காலில் ஒரு பிரெஞ்சுச் சொல்லுக்கு இருக்கும் மரியாதை தனி. வாயில் சரியாக வராத சொல்லென்றால் மரியாதை இன்னும் கொஞ்சம் கூடும். தெட்சிணாமூர்த்தி அதைக் கண்ணாடி முன்னால் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார். பதினோராவது தடவை, அந்தப் பழக்கம் தன் ரத்தத்திலேயே இருந்ததாக அவருக்குத் தோன்றிவிட்டது.

ஒரு மாதம் உழைத்தார். பேருந்து நிலையத்தருகே ஜெராக்ஸ் கடையில் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டச்சு செய்த பெண்ணின் கழுத்து வலிக்கிறவரை திருத்திப் பதினோரு பக்கப் படிவம் ஒன்றைத் தயார் செய்தார். பொருள்களின் நிலைக்கு 'மிக நன்று', 'நன்று', 'அனுபவமுள்ளது' என்று மூன்று தரங்கள் வகுத்தார். 'பழுது' என்று ஒரு தரம் வைக்கவில்லை. இந்த வீட்டில் எது பழுதானாலும் அது அனுபவமுள்ளதாக மட்டுமே ஆகும். சுவர்களில் இருந்த ஆணித் துளைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு எண் எழுதினார். நாற்பத்து மூன்று.

ஆனால் கீறலும் ஆணியும் ஒரு சாக்குத்தான். பதினோரு பக்கத்திலும் அவருடைய மனசு குடியிருந்தது ஒரே இடத்தில்: முதல் பக்கம், முதல் வரி, 'வீட்டு உரிமையாளர்.'

வீடு அவருடையதல்ல. சுரக்குடியில் மாமனார் தன் நிலத்தில் ஒரு பகுதியை விற்று இந்த மனையை வாங்கிக் கட்டி, மகள் ராஜத்தின் பேருக்கு எழுதிவைத்தார். வேறு வீடு பார்க்கிறவரைக்கும் என்று தெட்சிணாமூர்த்தி இங்கே குடிவந்து இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறார். நடுவில் வாசல் தூணில் கருங்கல் பதித்து 'தெட்சிணாமூர்த்தி இல்லம்' என்று வெட்டிவிட்டார். தெரு அதை நம்பியது. மாமனார் வீட்டில் இருக்கிறவர் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அப்புறம் எந்த முகத்தோடு பால் வாங்கப் போவது என்பதுதான் அவருடைய வாழ்நாள் கவலை. இதுவரை வாய்ப்பேச்சிலேயே வாடகைக்கு விட்டார். இந்தத் தடவை எழுத்தில், மூன்று நகலில், உரிமையாளராக ஏறிவிட்டால் போதும். அப்புறம் எவன் கேட்டாலும் காட்டத் தாள் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நபீசா மகள் நௌஷினோடு வந்தாள். டவுனில் அவளுடைய வீட்டில் மாடி எழுப்புகிற வேலை நடந்துகொண்டிருந்தது. நௌஷினுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. வீடு முடிய எட்டு மாதம் ஆகும், அதுவரை இருக்க ஓர் இடம் வேண்டும். கணவர் நாகூர் மீரான் சார்ஜாவில் மளிகைக் கடையில் இருந்தார். அதனால் மூன்று மாதமாகக் கொத்தனாரையும் சித்தாளையும் கம்பிக் கடைக்காரரையும் மேய்ப்பது நபீசாவின் வேலையாகியிருந்தது. சுவரைப் பார்த்தால் அவளுக்குச் சுவர் தெரியும். இது தெட்சிணாமூர்த்திக்குத் தெரியாது.

"வாங்க, வாங்க. முதல்ல முன்னுரையை வாசிச்சிடுறேன்," என்று அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"நின்னுக்கிட்டே கேக்கணுமா சார், உக்காந்து கேக்கலாமா?"

காலி வீட்டில் நாற்காலி இல்லை. முன்னுரையில் மூன்று பத்திகள் இருந்தன. இரண்டாவது பத்தியில் அவர் 'எத்தா தெ லியே' என்று சொல்லி, அதன் பெருமை இறங்கட்டும் என்று சற்று நிறுத்தினார். அந்த இடைவெளியில் நௌஷின் பேனாவை எடுத்துவிட்டாள்.

"குடுங்க சார், நான் எழுதறேன். பி.காம். கடைசி வருஷம், ஃபார்ம் ஃபில் பண்ணிப் பண்ணியே கை பழகிடுச்சு." முதல் பக்கத்தைத் தரையில் வைத்துக்கொண்டு குந்தினாள். "வீட்டு உரிமையாளர் பேரு... இதுக்குக் கீழ 'பத்திரத்தில் உள்ளபடி'ன்னு போட்டிருக்கு சார். பத்திரத்துல இனிஷியல் எப்படி இருக்கு?"

தெட்சிணாமூர்த்தி மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். குனிந்து பார்த்தார். இருந்தது. அவரே போட்டது. பேர் என்று ஒரு கட்டம் கண்டால் அதற்குக் கீழே 'உள்ளபடி' என்று எழுதாமல் அந்தக் கை முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு நாளும் நகர்ந்ததில்லை. தன் பேர் அங்கே ஏறும் ஆனந்தத்தில் இருந்தபோது, கை தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துவிட்டது.

"அதைக் கடைசியில போட்டுக்கலாம்மா. முதல்ல வீட்டைப் பாத்துடுவோம். வெளிச்சம் போயிடும்."

மணி பத்தேகால்.

கூடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். "மேற்குச் சுவர், மிக நன்று," என்று தெட்சிணாமூர்த்தி அறிவித்தார். நபீசா பெருவிரலால் சுவரை ஓர் அழுத்து அழுத்தினாள். பெயிண்ட் அப்பளம் போல நொறுங்கி, உள்ளேயிருந்து வெள்ளைப் பொடி அவள் உள்ளங்கையில் கொட்டியது.

"உப்பு பூத்திருக்கே சார்."

"அது சுவரோட குறை இல்லைங்க. கடலோட குறை."

"அப்பக் கடலுக்கு நேரா எழுதிக்கவா சார்?" என்று நௌஷின் கேட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

"'அனுபவமுள்ளது'ன்னு போடும்மா."

"இந்த வட்டமெல்லாம் என்ன சார், அம்மை போட்ட மாதிரி?" என்றாள் நபீசா.

"ஆணித் துளை. மொத்தம் நாப்பத்திமூணு. நீங்க காலி பண்றப்ப நாப்பத்திமூணுதான் இருக்கணும்."

"கூடக் கூடாது, சரி. குறையலாமா?"

அவர் இதை யோசித்திருக்கவில்லை. ஆனால் அலுவலகத்தில் யோசிக்காத கேள்விக்குச் சொல்லும் பதில் ஒன்று அவரிடம் எப்போதும் தயாராக இருந்தது. "குறையவும் கூடாது. எண்ணிக்கைன்னா எண்ணிக்கைதான்."

"நல்லதாப் போச்சு. எவனாச்சும் தெரியாம ஒண்ணைப் பூசிட்டான்னா, நான் ஆணி வாங்கிட்டு வந்து அடிச்சுட்டுல்ல போவணும்."

படுக்கையறையில் மின்விசிறியின் ரெகுலேட்டரில் ஐந்து எண்கள் இருந்தன; மூன்றில் மட்டும்தான் ஓடியது. "மூணு போதும். நாலுல வெச்சா தடிமன் பிடிக்கும்," என்றார் அவர். குளியலறைக் கதவு உப்பி நின்றது. அதைத் திறக்க ஒரு முறை இருந்தது. தெட்சிணாமூர்த்தி கைப்பிடியை மேலே தூக்கி, இடது முழங்காலால் ஓர் இடத்தில் தட்டி, தோளால் லேசாகச் சாய்ந்தார். கதவு திறந்தது. திரும்பிப் பார்த்தபோது அவருடைய முகத்தில் வித்தை காட்டியவனின் களை இருந்தது.

"இதை எப்படி சார் எழுதறது?" என்றாள் நௌஷின்.

"கதவு, நன்று. பழகியவர்களுக்கு."

நபீசா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க சொல்ற மாதிரி எழுதினா அது உங்க மனசு. இருக்கற மாதிரி எழுதினாத்தான் அது வீடு. நாளைக்கு எங்க தலையில வந்து விடியக் கூடாதுல்ல. எங்க வாப்பா சொல்வாஹ, கையெழுத்துப் போடறதுக்கு முன்னால கண்ணாலயும் ஒருதரம் போடுன்னு. நௌஷி, எழுது. குளியலறைக் கதவு, கீழ்ப்பக்கம் ஊறிப்போயி அரை இஞ்ச் உப்பல். தாப்பா விழாது. போட்டோ எடுத்துக்க."

அதற்கப்புறம் படிவம் அவர் கையில் இல்லை. நபீசா தட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், காலால் தேய்த்துப் பார்த்தாள். சமையல் மேடையில் பேனாவை வைத்தால் அது உருண்டு போய்த் தொட்டிக்குள் விழுந்தது, அதுவும் எழுதப்பட்டது. ஜன்னல் கம்பியைத் தொட்ட விரலில் துரு ஒட்டியது. அதற்குப் புகைப்படம் எடுக்கப்பட்டது. இருபத்தொன்பது வருஷமாகத் தெரியாத வீட்டை தெட்சிணாமூர்த்தி இரண்டு மணி நேரத்தில் தெரிந்துகொண்டார்.

வேறொரு நாளாக இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் சண்டை போட்டிருப்பார். இன்றைக்கு அவருக்குள் வேறு கணக்கு ஓடியது. குறைகளை ஒப்புக்கொண்டுவிட்டால் இந்தப் பெண்கள் மனம் நிறைந்து போய்விடுவார்கள். முதல் பக்கத்தை மறந்துவிடுவார்கள். அப்புறம் தானே தனியாக உட்கார்ந்து அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொள்ளலாம். ஒரு கட்டத்தில் அவரே வலியப் போய்க் குறை காட்ட ஆரம்பித்தார்.

"இந்தக் குழாய் சொட்டும். எழுதிக்குங்க."

"சொட்டலையே சார், காஞ்சுல்ல கெடக்கு?"

"தண்ணி வந்தா சொட்டும். தாராளமா எழுதுங்க. பின்வாசல் படியில ஒரு விரிசல் இருக்கு, பாத்தீங்களா? வாங்க, காட்டுறேன். மழை பேஞ்சா இந்த மூலையில ஒழுகும். பயங்கரமா ஒழுகும்."

நௌஷின் தாயைப் பார்த்தாள். "உம்மா, இவங்க வீட்டைக் குடுக்கறாங்களா, வேணாங்கறாங்களா?"

"நீ எழுது. சொல்றப்பவே எழுதிக்கணும்."

பன்னிரண்டு மணிக்கு ராஜம் ஒரு தட்டில் டீ டம்ளர்களோடு கீழே வந்தாள். நபீசாவை அவளுக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. ஐந்து மாதமாக அவள் காதில் விழுந்ததெல்லாம் மிதவைப் பந்து, ஆணித் துளை என்ற பேச்சுத்தான்.

"சர்க்கரை போதுமா பாருங்க."

"போதும்க்கா. கல்யாண வீட்டு டீ மாதிரி இருக்கு. உக்காருங்கக்கா, காலு கடுக்கப் போவுது."

மூன்று பெண்களும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். தெட்சிணாமூர்த்தி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அவர் டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது நௌஷின் தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

"முதல் பக்கம் மட்டும்தான் பாக்கி சார். பத்திரம்?"

"பத்திரம்... பேங்க் லாக்கர்ல இருக்கும்மா. நான் சாவகாசமா எடுத்து எழுதிக்கறேன்."

"லாக்கரா?" என்றாள் ராஜம். "நமக்கு ஏதுங்க லாக்கர்? பீரோவுல என் முகூர்த்தப் புடவைக்கு அடியிலல்ல கெடக்கு."

"அதைத்தான் சொல்றேன். நீ உக்காரு, உனக்கு முட்டி வலி. நான் போயி எடுத்துட்டு வரேன்."

"சாவி என் இடுப்புலல்ல இருக்கு."

ராஜம் எழுந்தாள். மாடிப்படி பதினெட்டு. அவள் ஒவ்வொரு படியிலும் கால் மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. மின்சாரம் போகலாம், பூமி நடுங்கலாம், சார்ஜாவிலிருந்து அழைப்பு வரலாம் என்று தெட்சிணாமூர்த்தி எதிர்பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பத்திரம் வந்தது, நாப்தலீன் உருண்டை வாசனையோடு.

நௌஷின் விரலை வைத்து வாசித்துக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினாள். "'என் குமாரத்தி ராஜம் என்பவருக்கு...' மாமி பேரு." அவ்வளவுதான். கட்டத்தில் 'ராஜம்' என்று அழகான எழுத்தில் எழுதினாள். அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள்.

தெட்சிணாமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு இடி விழக் காத்திருந்தார்.

"அதான பாத்தேன்," என்றாள் நபீசா. "வீடுன்னா பொம்பளை பேருலதானே இருக்கும். இவ சார்கிட்ட இனிஷியல் கேட்டதும் ஒரு நிமிசம் எனக்கே கொழம்பிப்போச்சு."

"எங்கப்பா குடுத்தது," என்றாள் ராஜம்.

"எங்களுக்கும் அப்படித்தாங்க்கா. உம்மா வீடு எனக்கு, எனக்கப்புறம் இவளுக்கு. இப்ப மாடி எதுக்கு எழுப்பறோம், மாப்பிள்ளை வந்து இருக்கத்தானே. இவ வாப்பாவும் எங்க வீட்டுக்கு வந்தவங்கதான். சபுராளி பொழப்பு, வெளிநாட்டுலருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் வர்றாஹ, மாப்பிள்ளை மரியாதையோட இருந்துட்டுப் போறாஹ." அவள் தூணைப் பார்த்துத் திரும்பினாள். குரலில் உண்மையான பிரியம் இருந்தது. "உங்களுக்கென்ன மச்சான். வருஷம் பூரா அந்த மரியாதை."

காலையில் பத்து மணிக்கு சாராக இருந்தவர் பன்னிரண்டே காலுக்கு மச்சான் ஆகிவிட்டார். அவள் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினார். இல்லை. பரிதாபமாவது இருக்கிறதா என்று தேடினார். அதுவும் இல்லை. இருபத்தொன்பது வருஷம் பூட்டிக் காத்த ரகசியத்துக்கு, டீயில் சர்க்கரை போதுமா என்ற கேள்விக்குக் கொடுத்த கவனத்தைக்கூட அவள் கொடுக்கவில்லை.

"அப்ப வாசல் கல்லுல மாமா பேரு இருக்கே?" என்று நௌஷின் ராஜத்தைக் கேட்டாள்.

"ஆசைப்பட்டாங்க. வெச்சுக்கிட்டாங்க. கல்லுதானே."

கையெழுத்துப் படலம் ஆரம்பித்தது. பதினோரு பக்கம், மூன்று நகல், பக்கத்துக்கு ஒன்று. ராஜம் ஒவ்வோர் எழுத்தாக, கோலம் போடுகிற நிதானத்தில், முப்பத்து மூன்று தடவை எழுதினாள். நபீசா தன்னுடையதைப் போட்டுக்கொண்டே அவளுக்குப் பக்கம் திருப்பிக் கொடுத்தாள். நடுவில் இருவரும் நல்ல புளி எங்கே கிடைக்கும், கருக்களாச்சேரி மீன்காரி எத்தனை மணிக்கு இந்தத் தெருவுக்கு வருகிறாள் என்றெல்லாம் பேசி முடித்தார்கள். சாவி கை மாறியது. அதை ஒப்படைக்கும்போது சொல்வதற்கென்று தெட்சிணாமூர்த்தி நான்கு வாக்கியம் வைத்திருந்தார். ராஜம் ஒரு வாக்கியமும் இல்லாமல் கொடுத்துவிட்டாள்.

"என் கையெழுத்து?" என்று அவர் கேட்டார். குரல் அவருக்கே கொஞ்சம் சின்னதாகக் கேட்டது.

நௌஷின் கடைசிப் பக்கம் வரை தேடினாள். "இருக்கு மாமா, இருக்கு. அடியில சாட்சின்னு ஒரு எடம் இருக்கு."

அவருக்கு உயிர் வந்தது. சாட்சி என்பது சாதாரண விஷயமல்ல. யோசித்துப் பார்த்தால், இரு தரப்புக்கும் மேலே நின்று பார்க்கிறவன் சாட்சிதான். கோர்ட்டிலேகூட உரிமையாளரை யாரும் கூண்டில் ஏற்றி மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, பேனாவை ஓர் உதறு உதறி, பழைய அலுவலகக் கையெழுத்தைப் போட்டார். கீழே 'கண்காணிப்பாளர், ஓய்வு' என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார். இரண்டாவது கோடு நபீசாவின் கையெழுத்துக்குள் போய் நின்றது.

"இன்னொண்ணு கேட்டிருக்கு," என்றாள் நௌஷின், கோட்டுக்குக் கீழே இருந்த பொடி எழுத்தை வாசித்து. "'சாட்சியின் ஆதார் பார்வையிடப்பட்டு, முகவரி உள்ளபடி குறிக்கப்பட வேண்டும்.' குடுங்க மாமா, பாத்து எழுதிடுறேன்."

இதையும் அவரே போட்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் நினைவு வந்தது. இந்த வீட்டு முகவரிக்கு அவர் பேரில் எந்தத் தாளும் இல்லாததால், போன வருஷம் ராஜம் குடும்பத் தலைவர் என்ற முறையில் ஒப்புதல் கொடுத்துத்தான் அவருடைய முகவரியை மாற்றியிருந்தார்கள். அட்டையில் அவருடைய முகவரி 'கேர் ஆஃப் ராஜம்' என்று தொடங்கியது.